றெக்கைக்கு முன்னால் ஒரு ஜன்னல்

ஜூன் 12, புதன்

இன்று விமானத்தில் போனவர்கள்: ஆவுடையம்மாள் ஆகிய நான், என் தம்பி சங்கரபாண்டி, அவன் பெண்டாட்டி சீனியம்மாள். விருதுநகரிலிருந்து மதுரை விமான நிலையம் வரைக்கும் காரில் கொண்டுவந்து விட்டது என் மகள் சொர்ணம். சென்னையில் கூட்டிப்போக வந்தது தம்பி மகன் ரவீந்திரன். வேறு யாரும் இல்லை. நாளைக்கு எவராவது "நானும் அங்கேதான் இருந்தேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லை" என்று பேச வந்தால் இந்தப் பக்கத்தை விரித்துக் காட்டுவேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனால் எனக்கு எதுவும் மறக்காது. எழுதி வைப்பது, மறந்துபோகிற மற்றவர்களுக்காக.

தம்பிக்கு வயிற்றில் புண். மூன்று வாரத்துக்கு ஒரு முறை சென்னை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற வேண்டுமாம். ரயிலில் அவ்வளவு நேரம் அவனால் உட்கார முடியவில்லை என்று ரவி விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டான். பயந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு இதில் ஒரு ஆசை இருந்தது. தம்பி மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்த காலத்தில் வியாபாரத்துக்காக ஒரு தடவை விமானத்தில் போய் வந்தான். வந்து சொன்னான், "அக்கா, திருச்சிக்கு மேல போறப்போ காவேரி ரெண்டாப் பிரிஞ்சு ஸ்ரீரங்கத்தை நடுவுல வெச்சிருக்குது. கோபுரமெல்லாம் உப்புக்கல்லு மாதிரி நிக்குது. நீ பார்க்கணும்க்கா." அவன் சொன்ன நாளிலிருந்து அது என் கண்ணுக்குள் கிடக்கிறது.

ஒரு வரிசையில் இந்தப் பக்கம் மூன்று சீட்டு. ஜன்னலோரத்தில் யார்? சீனி. நடுவில் நான். அடிக்கடி எழுந்து போக வேண்டும் என்று ஓரத்தில் தம்பி.

"ஏ சீனி, எனக்கு இதுதானே முதல் தடவை? கொஞ்சம் மாறி உட்காரேன்" என்றேன்.

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பிதான், "அவளுக்கு விடுக்கா" என்றான்.

எப்போதும் அவளுக்குத்தான் விட வேண்டும். நாங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். அவள் அண்ணனுக்கு நான், என் தம்பிக்கு அவள். ஒரே பந்தல், ஒரே மேளம். கல்யாணப் போட்டோவில் அவள் மாலை என் முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டு இருக்கிறது. தள்ளி நில் என்று அன்றைக்கே சொன்னேன். குற்றாலம் போன வேனில் முன் சீட்டு அவளுக்கு. என் வீட்டுக்காரர் செத்த அன்றைக்குக்கூட, அண்ணனைப் பார்க்க வந்தவள் என் இடத்தில்தான் உட்கார்ந்தாள்.

விமானம் ஏறினதிலிருந்து இறங்குகிற வரைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடியோடு மூஞ்சியை ஒட்டிக்கொண்டு வந்தாள். அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் எனக்குத் தெரிந்தது விமானத்தின் றெக்கை. வெள்ளைத் தகரம்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்ல மதினி."

ஒன்றுமில்லாததை ஒரு மணி நேரம் யாராவது பார்ப்பார்களா? மூக்கை வேறு உறிஞ்சிக்கொண்டே வந்தாள். அந்தக் குளிர் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 14, வெள்ளி

திரும்பி வந்தோம். மறுபடியும் இடது கைப் பக்கம், மறுபடியும் றெக்கைக்கு மேலே, மறுபடியும் சீனி ஜன்னலில். தம்பி நாக்கெல்லாம் கசக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டான்.

போகும்போது இடது கைப் பக்கம் இருந்த ஸ்ரீரங்கம் வரும்போது வலது கைப் பக்கம் போய்விடும் என்பது படித்த பிள்ளை ரவிக்குத் தோன்றவே இல்லை. போக வர ஒரே பக்கம் போட்டிருக்கிறான். கேட்டால், "அத்தை, அப்பாவுக்கு வாந்தி வராம இருந்தாச் சரின்னு நான் இருக்கேன்" என்கிறான். நான் மட்டும் வாந்தி வரட்டும் என்றா சொன்னேன்?

ஜூன் 21, வெள்ளி

வடகம் பிழிந்து மாடியில் காயப்போட்டேன். காக்காய் தொல்லை. சொர்ணத்தின் பழைய குடையை விரித்து வைத்தேன்.

சொர்ணம் அலுவலக வேலையாகப் பலமுறை விமானத்தில் போனவள். அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டேன். ஜன்னல் என்றால் எல்லா ஜன்னலும் ஜன்னல் இல்லையாம். நடு வரிசையில் உட்கார்ந்தால் றெக்கைதான் தெரியும். முன்னால் நாலாவது, ஐந்தாவது வரிசை நல்லது. மதுரையிலிருந்து காலையில் போகிறவர்கள் இடது பக்கம் உட்கார்ந்தால் வெயில் கண்ணில் அடிக்காது, சிறுமலையும் அந்தப் பக்கம், ஸ்ரீரங்கமும் அந்தப் பக்கம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "ஏம்மா, மாமாவுக்கு உடம்பு சரியில்லாம போறோம். உனக்கு இப்போ ஜன்னலா முக்கியம்?" என்றாள்.

"புண்ணு ஆறிக்கிட்டு வருதுன்னு அவனே சொல்லிட்டான். ஆறுற புண்ணுக்கு நான் ஏன் ஜன்னலை விடணும்?"

சொர்ணம் எழுந்து போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. சும்மா அடுப்படியில் நின்றாள்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனேன், அடுத்த தெருதான். கூடம் நிறைய ஆள். மண்டியில் வேலை பார்த்தவர்கள், சம்பந்திகள், கோயில் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் உடம்பு விசாரிக்க வந்திருந்தார்கள். சீனி எல்லோருக்கும் காப்பி போட்டுச் சிரித்துக்கொண்டு நின்றாள். எப்படித்தான் அவளுக்குச் சிரிப்பு வருகிறதோ. ஆள் இளைத்திருக்கிறாள். தம்பிக்கு வைத்தியம் பார்க்க, இவள் இளைப்பாளாம்.

ஜூலை 3, புதன்

ரவி அதே சீட்டைத்தான் போட்டிருக்கிறான். அதே வரிசை! விமான நிலையத்தில் நின்று கேட்டேன்.

"ஏ சீனி, உன் மகன்கிட்ட நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், முன்னால போடுன்னு. இந்த றெக்கையை விட்டா வேற இடமே இல்லையா?"

"எனக்கு இந்த இடம் போதும் மதினி."

"உனக்குப் போதும். எனக்கு?"

"அடுத்த தடவை நீங்க உக்காருங்க."

"இந்தத் தடவைன்னா ஆகாதா?"

தம்பி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சிரிப்பு. "ரெண்டு பேரும் சண்டை போட்டாத்தான் வீடு மாதிரி இருக்குது" என்றான். நாற்காலியைத் தள்ள வந்த பெண்ணும் சிரித்தாள்.

மறுபடியும் முதுகு. சேலைத் தலைப்பை மூஞ்சியில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் குனிந்துவிட்டாள். பணிப்பெண் ஒருத்தி வந்து, யாரும் கேட்காமலே, மெல்லிசுத் தாளில் நாலைந்தை எடுத்து எனக்கு மேலாகக் கையை நீட்டிச் சீனிக்குக் கொடுத்தாள். சீனி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பணிப்பெண்ணும் அப்படியே நின்றாள். நான் கை துடைக்க ஒன்று கேட்டேன். "இதோ வரேம்மா" என்று போனவள் வரவே இல்லை.

தம்பி என்னிடம் பேசிக்கொண்டே வந்தான். சின்ன வயதில் அம்மா போன பிறகு நான் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனதைச் சொன்னான். அவனைவிட மூன்று வயதுதான் மூத்தவள் நான். "என்னையும் விடமாட்டே, குடத்தையும் விடமாட்டே, ஒருநாள்கூடக் கீழ போட்டதில்லக்கா" என்றான். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? எதற்கு இப்போது சொல்கிறான் என்று, "பேசாம கண்ணை மூடு" என்றேன்.

ஜூலை 5, வெள்ளி

திரும்பினோம். றெக்கை.

ஜூலை 23, செவ்வாய்

நாளைக்குப் போக வேண்டியது நின்றுபோனது. தம்பி உடம்பில் தெம்பு போதவில்லை, ரத்தம் ஏறட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். முருங்கைக்கீரை சூப், ஈரல், பேரீச்சம்பழம் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்குக்கா" என்றான். கிண்ணத்தைக் கழுவப் போனால் சீனி கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். குழாய் முழுக்கத் திறந்து ஓடுகிறது, வாளி நிரம்பி வழிகிறது, இவள் அலசின துண்டையே திரும்பத் திரும்ப அலசுகிறாள். குழாயை மூடினேன். "மூடாதீங்க மதினி" என்றாள். தண்ணீர்க் கஷ்டம் தெரியாதவள்.

ஆகஸ்ட் 7, புதன்

ரவிக்குப் போன் போட்டேன். அடுத்த வாரம் சென்னை. கர்நாடகத்தில் மழை, மேட்டூர் அணை நிரம்பிவிட்டது, காவிரியில் வெள்ளம் என்று டிவியில் காட்டுகிறான். தண்ணீர் ஓடுகிற காவிரியை இப்போது பார்க்காவிட்டால் எப்போது?

"ரவி, எனக்கு அஞ்சாவது வரிசை, இடது கைப் பக்கம், ஜன்னல்."

"அத்தை... அம்மாவே ஜன்னல்ல உக்காரட்டுமே. உங்களுக்கு வேணா வேற வரிசையில தனியா ஒரு ஜன்னல் போடறேன்."

"நான் ஏன் தனியா உக்காரணும்? என் தம்பி பக்கத்துல எனக்கு இடம் இல்லையா?"

"அதுக்கில்லத்தை."

"பின்னே எதுக்கு? உங்கம்மா என்ன அந்த ஜன்னலை எழுதி வாங்கியிருக்காளா? அப்படின்னா நான் வரலை. நீங்களே போயிட்டு வாங்க. அக்கா எங்கேன்னு அவன் கேட்டா நீயே பதில் சொல்லு."

போனை வைத்துவிட்டானோ என்று பார்த்தேன். பிறகு, "சரித்தை, போடறேன். அம்மாகிட்டயும் சொல்லிடறேன்" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. இருக்கட்டும். கேட்டால்தான் கிடைக்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

இன்று போனவர்கள் மூன்று பேர், அதே மூன்று பேர். ஐந்தாவது வரிசை. ஜன்னலில் நான். நடுவில் சீனி. ஓரத்தில் தம்பி. சீனி உட்காராமல் நின்றாள்.

"நான் வேணா அந்தப் பக்கம் காலியா இருக்கற சீட்டுல உக்காந்துக்கறேன்" என்றாள்.

"புருஷன் பக்கத்துல உக்கார என்ன கேடு உனக்கு? உக்காரு" என்றேன். பின்னால் ஆட்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார்ந்தாள்.

சொர்ணம் சொன்னது சரி. றெக்கை பின்னால் போய்விட்டது. கண்ணாடி முழுக்க எனக்கே எனக்கு. விமானம் ஏறின கொஞ்ச நேரத்தில் சிறுமலை வந்தது. மேகம் மலைமேல் துணி காயப்போட்ட மாதிரி கிடந்தது. மேகத்தின் நிழல் காட்டின்மேல் தனியாக நகர்ந்து போனது. நிழல் மேகத்துக்குச் சொந்தம் என்று கீழே இருக்கிறவனுக்குத் தெரியாது, அவனுக்குச் சும்மா வெயில் போய்விட்டது. கண்மாய்கள் எல்லாம் உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரி மினுக்கின. ரோட்டில் போகிற லாரி எறும்புகூட இல்லை. எறும்பாவது கடிக்கும்.

பிறகு ஆறு வந்தது.

நான் நினைத்ததைவிட அகலம். செம்மண் நிறத்தில் தண்ணீர் முட்டிக்கொண்டு போகிறது. ஒரு இடத்தில் வந்து இரண்டாகப் பிரிந்தது. நடுவில் பச்சையாக ஒரு திட்டு. அதில் கட்டம் கட்டமாக வீடுகள், கட்டத்துக்குள் கட்டம், கட்டத்துக்கு நடுவில் வெள்ளையாக, சின்னதாக...

"தம்பி! பாருடா! உப்புக்கல்லேதான்! நீ சொன்ன மாதிரியே! எட்டிப் பாரு!"

கண்ணாடியை விரலால் தட்டிக் காட்டினேன்.

"தம்பி! போயிரும்டா, சீக்கிரம் பாரு!"

திரும்பினேன். சீனி தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நேரே முன் சீட்டின் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மூஞ்சியெல்லாம் தண்ணீர். தம்பி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கை அவன் இரண்டு கைக்குள் இருந்தது. "தெரியும்புள்ள" என்றான். "எனக்குத் தெரியும். விடு." அவள் தலையைக் கொண்டுபோய் அவன் தோளில் சாய்த்தாள். இந்த வயதில், விமானம் நிறைய ஆள் இருக்க, என் தம்பியும் அவளும். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆறு பின்னால் போய்விட்டது. இவர்களால் பாதியைத்தான் பார்த்தேன்.

பணிப்பெண் தண்ணீர் கொண்டு வந்தாள். தம்பி வாங்கிச் சீனிக்குக் கொடுத்தான்.

சென்னையில் இறங்கினதும் ரவியிடம் சொன்னான்: "இன்னிக்கு மருந்து வேணாம்டா. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு ஊருக்குப் போயிடுவோம்." ரவி அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். மூன்று பேரில் ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

வந்து சேர்ந்தோம். மருந்து இனிமேல் வேண்டாமாம். வேண்டாம் என்றால் நல்லதுதானே? சொர்ணத்திடம் அப்படித்தான் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். விடு, வேர்க்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தம்பி என்னை மட்டும் வரச் சொன்னான். சீனி கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

"அக்கா, புண்ணு இல்லக்கா. அது வேற."

"வேறன்னா?"

சொன்னான். எழுத மாட்டேன்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"முதல் தடவை மெட்ராஸ் போறதுக்கு முன்னாலயே. ரவிகிட்டயும் அவகிட்டயும் டாக்டர் சொன்னாரு. என்கிட்ட சொல்ல வேணாம்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க. டாக்டர் மூஞ்சியைப் பார்த்தாத் தெரியாதா எனக்கு? மண்டியில எத்தனை மூஞ்சி பார்த்திருப்பேன். எனக்குத் தெரியும்னு காட்டிக்கல. காட்டினா அவ உடைஞ்சிருவா."

"சரி. அந்த ஜன்னல்?"

சிரித்தான். இவ்வளவுக்கும் நடுவில் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"நான்தான்க்கா ரவிகிட்ட சொன்னேன், ஜன்னல் அம்மாவுக்குப் போடு, றெக்கை மேல பார்த்துப் போடுன்னு. அங்கதான் ஒருத்தரும் எட்டிப் பார்க்க வரமாட்டாங்க. வீட்டுல எந்நேரமும் ஆளு. அவ அழ ஒரு இடம் கிடையாது. கொல்லையில குழாயைத் திறந்துவிட்டு அழறா, எனக்குத் தெரியாதுன்னு. விமானத்துல போக ஒரு மணி, வர ஒரு மணி. அழுதுக்கட்டும்னு விட்டேன்."

"நடுவுல நான் எதுக்கு?"

"நீ இருந்தா நான் அவளைப் பார்க்க வேண்டாம்ல. அவளும் என்னைப் பார்க்க வேண்டாம். நீ நடுவுல சுவரு மாதிரி இருந்தேக்கா."

சுவரு.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. உன்னை யாரு வளர்த்தது?"

"உனக்குத்தான் எதுவும் மறக்காதேக்கா. ஒருதடவை காதுல விழுந்தா, தூங்கி எந்திரிச்சாலும் அது அங்கேயே நிக்கும் உனக்கு. கொஞ்ச நாளாச்சும் தெரியாம இருக்கட்டும்னு நினைச்சேன். வீட்டுல எல்லாரும் என்னைப் பார்த்தா மெதுவாப் பேசறாங்க. நீ ஒருத்திதான் ஜன்னலுக்குச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தே. அதைப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு."

எழுந்து வந்துவிட்டேன். செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், சீனியுடையதை.

ஆகஸ்ட் 19, திங்கள்

போகவில்லை. அவனுக்கு அங்கே நிறையச் சுவர் இருக்கிறது.

ஆகஸ்ட் 21, புதன்

கஞ்சி கொண்டுபோனேன். ஊட்டினேன். பேசவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கட்டிலைச் சீனி ஃபேனுக்கு நேரே போட்டு வைத்திருக்கிறாள். காற்று மூஞ்சியில் அடித்தால் இருமல் வராதா என்று கேட்டேன். டாக்டர் சொன்னார் மதினி என்றாள். எந்த டாக்டர் என்றேன். பெரிய சண்டை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். நான் நிறுத்தினதும், "இன்னும் கொஞ்சம் போடுக்கா" என்றான். போட்டேன். தொண்டை கட்டிக்கொண்டது.

செப்டம்பர் 9, திங்கள்

விடிந்ததும். சீனி மடியில். நான் கால்மாட்டில் இருந்தேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

கருமாதி முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள். பந்தல்காரன் பாயில் இரண்டைக் காணோம் என்கிறான். ரவி அவன் அம்மாவைச் சென்னைக்குக் கூப்பிடுகிறான். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

மத்தியானம் சீனி என் வீட்டுக்கு வந்தாள். கூப்பிடாமல் வந்தாள். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து அவளும் இரண்டு பல் எடுத்து உரித்தாள். அவள் உரிக்கிற விதம் எனக்குப் பிடிக்காது, சதையோடு போகும். சொல்லவில்லை.

"மதினி."

"என்ன?"

"அன்னிக்கு ஜன்னல்ல பார்த்துட்டுக் கத்துனீங்களே, உப்புக்கல்லு உப்புக்கல்லுன்னு. அது என்ன?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அத்தனை தடவை போக வர ஜன்னல்ல உக்காந்தவ நீ. என்கிட்ட வந்து கேக்கறே."

"நான் ஒண்ணும் பார்க்கல மதினி. அவுக பார்த்ததை நீங்களாவது பார்த்தீங்களே. சொல்லுங்க."

சொன்னேன். சிறுமலையில் மேகம் கிடந்ததை, ஆறு பிரிந்ததை, கட்டத்துக்குள் கட்டமாகத் தெருக்கள் இருந்ததை. பாதியில் நீங்கள் இரண்டு பேரும் கெடுத்துவிட்டீர்கள் என்பதையும் சொன்னேன். அதற்குச் சிரித்தாள். பிறகு அழுதாள். நான் கண்ணைத் துடைத்தது பூண்டுக் கையோடு. எரிந்தது. அவள்தான் தண்ணீர் மொண்டு வந்து கழுவிவிட்டாள்.

சாயங்காலம் அவள் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். மனதில் யார்மேல் என்ன இருக்கிறது என்று எனக்கே ஒரு தெளிவு வேண்டும்.

சீனியை விட்டுவிட்டேன். அழ ஒரு இடம் கிடைத்தது, உட்கார்ந்தாள். ரவியையும் விட்டுவிட்டேன், அப்பன் சொன்னதைச் செய்தான். டாக்டர் நான் பார்த்திராத ஆள், அவரோடு எனக்கு என்ன? சொர்ணத்துக்கும் முதலிலேயே தெரியுமாம், நேற்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். தீபாவளி வரைக்கும் அவளோடு பேசப்போவதில்லை, அதற்குப் பிறகு பார்க்கலாம்.

ஆனால் ஒருத்தன் இருக்கிறான். பெண்டாட்டிக்கு அழ இடம் பார்த்துக் கொடுத்தான். மகனுக்குச் செய்ய வேலை கொடுத்தான். என்னிடம் மட்டும் "புண்ணு ஆறிக்கிட்டு வருதுக்கா" என்று சொல்லிவிட்டு, நான் போட்ட சண்டையை உட்கார்ந்து ரசித்தான். மற்றவர்கள் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக அழுது முடித்துவிட்டார்கள். நான் இனிமேல்தான் ஆரம்பிக்க வேண்டும், அதுவும் தனியாக. இதை எனக்குச் செய்தவனை இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன். எதிரே வந்து நின்று "அக்கா" என்று கூப்பிட்டாலும் மாட்டேன். கூப்பிட்டுத்தான் பார்க்கட்டுமே, சங்கரபாண்டி.